பதினோரு வருடம் தாமதமாக வந்த பார்வை

கட்டு அவிழ்த்த அன்று செக்கிங்காரி முதலில் பார்த்தது ஒரு முள்வேலியை. அந்த வேலியைப் பிடுங்கி எறிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. கண் ஆஸ்பத்திரியின் தரைத்தள அறையில், வெள்ளைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, வேலிக்கு அப்பால் ஒரு லாரி நிற்கிறது, அதன் நிழலில் ஓர் ஆள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான் என்று அவள் சொன்னாள். டாக்டர் மூன்று விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். விரல் ஒன்றும் தெரியவில்லை, ஓர் ஓணான்தான் தலையாட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். மருந்தின் மயக்கம் என்று எழுதப் போனார்கள். வாசலில் நின்ற வாட்ச்மேன் கதவுக்குள் தலையை நீட்டி, "துண்டு பச்சைக் கட்டம் போட்டதாம்மா?" என்று கேட்டான். ஆமாம், ஓர் ஓரம் கிழிந்திருக்கிறது என்றாள். "அப்ப அது நான்தான்" என்றான் அவன். ஆஸ்பத்திரி கட்டுவதற்கு முன்பு அந்த இடம் லாரி ஷெட்டாக இருந்த காலத்திலும் அவன்தான் காவல். அந்த லாரி அச்சு முறிந்து அங்கே ஒரே ஒரு மாதம் நின்றது. அது பதினோரு வருடத்துக்கு முன்பு. இதைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற அவள் கணவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் தலை சுற்றியிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியைக் குறை சொல்வதற்கில்லை. தைத்த கருவிழி தெளிவாக இருந்தது. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு வைத்த செயற்கை லென்ஸ் நூல் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. நரம்பில் கோளாறு இல்லை. வலது கண்ணுக்குச் செய்ததை ஆறு மாதம் கழித்து இடது கண்ணுக்கும் செய்தார்கள். அதுவும் அதே பதினோரு வருடத்தைத்தான் பார்த்தது. லென்ஸுக்குப் பின்னால் ஆடை படிந்து வெளிச்சத்தை மறிக்கிறதோ என்று லேசர் வைத்துப் பார்த்தார்கள். தாமதத்தில் பத்து நிமிடம் குறைந்தது, அதற்கு மேல் இறங்கவில்லை. கருவிழியை மறுபடி மாற்றலாம், பிளாஸ்டிக் கருவிழி பொருத்தலாம், இல்லாவிட்டால் லென்ஸையே எடுத்துவிட்டு வேறு வைக்கலாம் என்று பெரிய டாக்டர் மூன்று வழி சொன்னார். ஒன்றும் வேண்டாம், எனக்கு நன்றாகவே தெரிகிறது என்று அவள் சொல்லிவிட்டாள். பெரிய டாக்டர் கோப்பில் 'பார்வை முழுமை. வருகை தாமதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பணிக்காலத்திலேயே இப்படி இன்னும் இரண்டு பேர் வந்தார்களாம். ஒருவருக்குத் தாமதம் வெறும் நாற்பது நாள்.

கணவருக்கு ஊரில் பத்துநிமிஷக்காரர் என்று பெயர். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். முப்பத்திரண்டு வருடம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கிளம்பவே கிளம்பாத பஸ்ஸையெல்லாம் 'இன்னும் பத்து நிமிடத்தில் வந்து சேரும்' என்று அறிவித்தவர். முக்கால் மணி நேரம் கழித்தும் வராவிட்டால் 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்பார். நல்ல குரல். அந்தக் குரலில் பொய் எது, நிஜம் எது என்று பிரித்தெடுக்க எவராலும் ஆகாது. ஆனால் கடவுள் ஓரிடத்தில் பிடி வைத்திருந்தார். பொய் சொல்லும்போது அவருடைய இடது புருவம் ஒரு நூல் மேலே ஏறும். கூண்டுக்குள் இருப்பவரின் புருவத்தை எந்தப் பயணி பார்த்தார்? பார்த்தவள் ஒருத்திதான். விதி பாருங்கள், அவளையே அவர் கட்டிக்கொண்டார்.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவு. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை அவள் கண்ணுக்குக் கீழே போகும். அங்கே ஒரு வழக்கம் உண்டு: செக்கிங் ஆள் வாயைத் திறக்கக் கூடாது. தையல்காரர்களோடு வாக்குவாதம் வந்து வேலை கெடும். குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஓரமாக வைத்துவிட வேண்டும்; தைத்தவர் எடுத்துப் போய்ப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டு வருவார். அம்பு ஒட்டினால் சரிசெய்யக்கூடிய குறை என்று பொருள். சரிசெய்யவே முடியாததற்கு அம்பு கிடையாது. காலரில் கத்திரிக்கோலால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். அது கழிவுப் பெட்டிக்குப் போய்விடும். தொழிற்சாலையில் வாயைத் திறக்காமல் சேர்த்துவைத்ததை எல்லாம் அவள் வீட்டுக்கு வந்து திறந்தாள் என்று பத்துநிமிஷக்காரர் கூண்டுக்கு வருகிறவர்களிடம் அலுத்துக்கொள்வார். அதில் பாதி நிஜம். பெரிதாக ஒன்றும் பேசமாட்டாள். அவர் ஏதாவது சொல்லத் தொடங்கியதும் நிமிர்ந்து பார்த்து, "புருவம்" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் இருந்ததெல்லாம் கக்கிவிடுவார். பதினேழு வருடம் அந்த வீட்டில் ஒரு பொய்கூட மூன்று நிமிடத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை.

அவர்கள் மகளுக்கு ஏழு வயதானபோது, சட்டையில் மை பட்டிருந்த இடத்தில் கறை நீக்கும் மருந்தை அவள் பீய்ச்சிக்கொண்டிருக்கையில், ஸ்பிரே துப்பாக்கியின் குழாய் வெடித்து மருந்து இரண்டு கண்ணிலும் அடித்தது. கருவிழி இரண்டும் வெளுத்துப் போயின. அப்போதிருந்த பழைய ஆஸ்பத்திரியின் டாக்டர் பத்துநிமிஷக்காரரைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். லேசர் போட்டுக் கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி விஷயம் இல்லை இது. செத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போகிற கருவிழியை வைத்துத் தைக்கலாம். அது ஒத்துக்கொள்ளாவிட்டால் பிளாஸ்டிக்கில் ஒன்று இருக்கிறது. புரையை எடுத்து லென்ஸ் வைப்பதும் கூடவே முடிந்துவிடும். எதுவும் வேண்டாமென்றால் இப்படியே விட்டுவிடுவது மூன்றாவது வழி. பேரைப் பதிந்துவைத்தார்கள். "லெட்டர் வந்தா ரெண்டு நாளைக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க. செத்தவங்க கண்ணு யாருக்காகவும் காத்திட்டிருக்காது" என்றார் டாக்டர். கண்டிப்பாக என்றார் பத்துநிமிஷக்காரர். அப்போது புருவம் ஏறவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் வருடம் அவரைப் போல மனிதர் உண்டா என்று தெருவே பேசியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார், மீனில் முள் எடுத்துத் தட்டில் வைத்தார், சாயங்காலம் ஜன்னலருகே உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை அவளுக்கு வர்ணித்தார். குறை சொல்ல ஆளில்லாத வீடு ஒரு ஆணுக்கு என்ன சுகம் என்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. பூனை தன் கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். இவர் அடுத்தவர் கண் மூடியதற்கே அப்படி நினைத்துக்கொண்டார். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே நின்று ஓசையில்லாமல் வாயைக் கோணிப் பழித்துக்காட்டுவார். வெளியே கூட்டிப்போகச் சோம்பலாக இருக்கும் நாளில், குழாயடியில் சட்டையை நனைத்துக்கொண்டு வந்து, "மழை பிச்சிக்கிட்டு ஊத்துதும்மா, தொட்டுப் பாரு" என்று நீட்டுவார். ரேடியோவைப் பாட விட்டு, பக்கத்திலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டு, சீட்டாடப் போவார். ஒருநாள் அவள் மேல்சட்டையின் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் வளைய வந்தாள். எண்ணூறு சட்டையில் ஒரு நூல் பிசகைக் கண்டுபிடித்தவள். அதை அவர் காலையிலேயே பார்த்தார். சொல்லவில்லை. அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் வருடம், மகளின் பத்தாவது பிறந்தநாள் அன்று, ஆஸ்பத்திரியின் கடிதம் வந்தது. அதை அவர் அடுப்பில் எரித்தார். என்ன கருகுகிறது என்று நாற்காலியிலிருந்து அவள் கேட்டாள். "பழைய கரண்டு நோட்டீஸும்மா, பூச்சி அரிச்சு கெடக்கு" என்றார். அந்தக் குரலில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு மகள் ஒவ்வொரு வருடமும் கேட்கும்போது, இதோ வந்துவிடும், வரிசை பெரிது என்பார். பழைய ஆஸ்பத்திரியும் மூடப்பட்டுவிட்டது, அவருக்கு வசதியாகப் போயிற்று. மகள் பதினெட்டு வயதில் பக்கத்து நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தாள். சேர்ந்த வாரமே வீட்டுக்கு வந்து, "பதினோரு வருஷமா யாருக்கும் லெட்டர் வராம இருக்காதுப்பா" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் பேரைப் புதிதாகப் பதிந்தாள். நாற்பதாம் நாள் அம்மாவுக்குக் கண் வந்துவிட்டது, நாம் மேலே பார்த்த தாமதத்தோடு.

ஆக, எந்தக் கண்ணுக்கு முன்னால் பதினோரு வருடம் அவர் இஷ்டத்துக்கு நடமாடினாரோ, அந்தக் கண்ணுக்கு அதெல்லாம் இனிமேல்தான் வரப்போகிறது. வரிசை மாறாமல், ஒரு நாள்கூட விட்டுப்போகாமல், அதே தேதியில். இதைத்தான் பத்துநிமிஷக்காரர் அன்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரே கணத்தில் புரிந்துகொண்டார். அந்தக் கடிதத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், கண்ணில் கட்டோடு தன்னையே கைத்தாங்கலாக உள்ளே அழைத்து வருவதை அவள் பார்த்தாள். அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து உட்கார்த்திய நாற்காலியில் அதன் பிறகு அவள் உட்காரவில்லை. யார்மேலோ உட்காருவதுபோல் இருக்கிறது என்று எதிரே இன்னொரு நாற்காலி போடச் சொன்னாள். இன்றைய உலகத்துக்கு அவள் முன்போலவே குருடுதான். கம்பைத் தட்டித்தான் நடந்தாள், மகளின் முகத்தைக் கையால் தடவித்தான் தெரிந்துகொண்டாள். ஆனால் ஏழு வயது மகள் பள்ளிக்கூடப் பையோடு வீட்டுக்குள் ஓடி வருவதை நாள்தோறும் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது நல்ல அழுகை. அந்தச் சில மாதம் பத்துநிமிஷக்காரரும் நிம்மதியாகத்தான் இருந்தார். தண்ணீர் ஊற்றியதும் முள் எடுத்ததும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. "இவ்வளவு பாத்தீங்களா என்னை?" என்று ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கூடக் கேட்டாள்.

முதல் அம்பு இரண்டாம் வருடம் ஒட்டப்பட்டது. காலையில் எழுந்து வந்தவர், குழாயடிச் சுவரில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தார். பழைய தொழிற்சாலைப் பெட்டியிலிருந்து அவள் எடுத்திருந்தாள், ஒரு சுருளில் ஆயிரம். பொய் மழை. அடுத்தது அலமாரிக் கண்ணாடிக்குப் பக்கத்தில்: அங்கே நின்றுதான் பழித்துக்காட்டினார். ரேடியோவின்மேல் ஒன்று. எதிரே காலியாகக் கிடந்த பழைய நாற்காலியின் முதுகில், பொத்தான் மாற்றிப் போட்ட அந்தப் பெண் உட்கார்ந்திருந்த உயரத்தில், நான்கு. வாயைத் திறந்து அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய நாளில் "புருவம்" என்று சொல்லி மூன்று நிமிடத்தில் முடித்துவைப்பவள் இப்போது செக்கிங் வழக்கத்துக்குப் போய்விட்டாள். முதலில் அவர் ஸ்டிக்கர்களைக் கிழித்துப் பார்த்தார்; மறுநாள் அதே இடத்தில் அவள் கை தடவிக்கொண்டே போய் அதே உயரத்தில் ஒட்டியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் சுருளில் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனதாகப் பேச்சு.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் எப்போது குடிக்கப்போகிறோம் என்று தேதி தெரிந்து காத்திருப்பது தனி வாதை. அவர் ஓய்வு பெற்றார். போவதற்கு முன்னால் அவர் குரலைப் பதிவு செய்துகொண்டார்கள். இப்போது கூண்டில் ஆள் இல்லை, ஒரு பொத்தானை அமுக்கினால் அவர் குரல் 'இன்னும் பத்து நிமிடத்தில்' என்று சொல்லும். வீட்டில் சும்மா உட்கார்ந்து அவர் நாளை எண்ணினார். வேறு வீட்டுக்குப் போய்விடலாம், மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று பத்துத் தடவையாவது சொன்னார். "இங்க பாக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்குங்க" என்றாள். அவரே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தார். தினம் நினைத்தார். வாயைத் திறந்தால் பழக்கதோஷம், வேறு ஏதாவது வந்தது.

கடைசியில் எளிதான வழி ஒன்று தோன்றியது. அந்த ஒரு காலைப்பொழுது அவள் வீட்டில் இல்லாவிட்டால் போதும். வீட்டில் நடந்தது வீட்டில் நடந்துவிட்டுப் போகும், பார்க்க ஆள் இருக்காது. ஒரு முறை தவறிவிட்டால் தவறினதுதான். மகளுக்கு இருபத்தொன்று ஆகிறது, பிறந்தநாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பத்து மணி பஸ் என்றார். அவள் உடனே சரி என்று தலையைப் பின்னிக்கொண்டாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதை அவர் யோசித்திருக்க வேண்டும்.

பேருந்து நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பத்தேகால் ஆயிற்று, பஸ் வரவில்லை. ஒலிபெருக்கியில் அவருடைய குரல், இன்னும் பத்து நிமிடத்தில் வந்து சேரும் என்றது. பத்துநிமிஷக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் காலை நீட்டினார். முப்பத்திரண்டு வருடம் அந்தப் பொய்யைச் சொன்னவர், தன் வாழ்க்கையில் முதல்முறையாக அதை நம்பினார். இன்னொரு பிசகும் செய்திருந்தார். தன் குற்றம் அடுப்படியில் தொடங்கியதாகவே அவர் மனதில் பதிந்திருந்தது. கடிதம் எங்கே கைக்கு வந்தது என்பதை மறந்தே போயிருந்தார். பத்தரைக்கு மேல் அவள் கூண்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். எழுந்து நின்றாள்.

"போஸ்ட்மேன் வந்துட்டாரு" என்றாள். "உங்க கையில ஒரு நீளக் கவர் குடுக்குறாரு."

அவர் அவள் கையைப் பிடித்தார். "எங்கம்மா போற? பஸ்ஸு இப்ப வந்துடும்."

"உங்க பின்னாடிதான் போறேன்."

கம்பைத் தட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள், நாற்பத்தொன்பது வயது கணவருக்குப் பின்னால். அறுபது வயது கணவர் அவளுக்குப் பின்னால் ஓடினார். பதினோரு வருடத்துக்கு முந்தைய காலித் தெருவில் அவள் நடந்தாள். இன்றைய தெருவின் வண்டிகள் அவளை மோதிவிடாமல் இவர்தான் இரண்டு கையையும் நீட்டி மறித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. முதலில் அவள் வேகமாகப் போனாள். பிறகு கிட்டத்தட்ட ஓடினாள். அவளுக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்த பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது: அன்று அவர் ஓடியிருக்கிறார். கடிதத்தைப் படித்ததும், கூண்டைப் பூட்டக்கூட மறந்து, அவளிடம் சொல்ல சந்தோஷத்தில் ஓடியிருக்கிறார். அப்படியொரு ஓட்டம் தன்னிடம் இருந்ததை அவர் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. முடிவெட்டும் கடைக்கு முன்னால் அவள் சட்டென்று நின்றாள். அங்கே இப்போது செல்போன் கடை. அன்று வாசலிலேயே ஆள் உயரக் கண்ணாடி இருந்தது. ஓடி வந்தவர் அன்று அதில் தன் முகத்தைப் பார்த்தார். மூன்று வருடமாக யாரும் குறை சொல்லாத முகம், நன்றாகத்தான் இருந்தது. அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். அங்கிருந்து, ஓட்டம் நின்றுபோன அவருக்குப் பின்னால், வீடு வரைக்கும் அவள் நடந்த நடை, ஒரு சட்டையைத் தையல் தையலாகப் பிரிக்கிற நேரம் பிடித்தது.

வீட்டுக்குள் நுழைந்து நேரே அடுப்படிக்குப் போனாள். அணைந்து கிடந்த அடுப்புக்கு எதிரே, ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, அந்த ஆளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறவளாக முன்னால் சாய்ந்தாள். பிறகு உரக்கப் படித்தாள். தொழிற்சாலையை விட்ட பிறகு அவள் படித்த முதல் எழுத்து அது.

"'தங்கள் மனைவிக்குப் பொருத்தமான கருவிழி கிடைத்துள்ளது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்...'" நிறுத்தினாள். "அதுக்குக் கீழ தீப்பிடிச்சிருச்சு."

அவர் சுவரோடு ஒட்டி நின்றார்.

"கரண்டு நோட்டீஸை யாராவது பிறந்தநாளும் அதுவுமா எரிப்பாங்களான்னு அன்னிக்கே நெனச்சேன்" என்றாள். "நாத்தம் மூக்குலயே இருந்துச்சு. அன்னிக்கு நீங்க வேலை நேரத்துல கூண்டுலேர்ந்து பாதியில வந்தீங்க, அதான் பஸ்ஸுக்கு உடனே சரின்னேன். நானும் இந்தத் தேதிக்குத்தான் மூணு வருஷமா உக்காந்திருக்கேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "புருவம் ஏறுதுங்க."

அப்போதுதான் அவர் வாய் திறந்தது. அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. முப்பத்திரண்டு வருடமாக அவர் சொல்லிப் பழகிய மன்னிப்பு ஒன்றே ஒன்று, அதுதான் வந்தது. "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்றார், கூண்டுக்குள்ளிருந்து பேசுகிற அதே குரலில்.

"எத்தனை பேரு வருந்துறீங்க?" என்றாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடிதம் எரிந்து முடிந்த பிறகு அன்று அவர் வேறொன்றும் செய்திருந்தார். அவள் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, சத்தம் கேட்காமலிருக்க வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு, கும்பிட்டபடி அழுதார். அது நிஜம். தான் செய்ததிலேயே அது ஒன்றுதான் அவருக்கு உறுதியாகத் தெரிந்த நிஜம். "இப்ப வரும்மா, அதையும் பாத்துடு. அப்புறம் என்ன வேணா செய்யி. கண்ணை மட்டும் மூடிடாத. இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று கெஞ்சினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு கம்பைத் தட்டிப் போய் அலமாரியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து வந்தாள். அவர் கழுத்தைத் தடவிக் காலரைப் பிடித்து, பிறந்தநாளுக்காகப் போட்டிருந்த புதுச் சட்டையில் ஒரே ஒரு வெட்டு வெட்டினாள். அன்று பொழுது சாயும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

பிறகு வந்த நான்கு வருடமும் அவர்கள் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவர் சமைத்தார், அவள் சாப்பிட்டாள். மகள் வருவாள், இருவரோடும் தனித்தனியாகப் பேசிவிட்டுப் போவாள். அவள் பார்க்காமல் விட்டதை மறுபடி அனுப்பிவைப்பது என்று பத்துநிமிஷக்காரர் முடிவு செய்தார். எப்படியும் பதினோரு வருடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாளிலிருந்து தினமும் நண்பகலில், காலர் வெட்டிய அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டார். அவள் அந்த நேரத்தில் எதிரேதான் உட்கார்ந்திருப்பாள். அவள் கண்ணில் அப்போது வேறொரு வருடத்து நண்பகல் ஓடிக்கொண்டிருக்கும். முட்டி மடங்குகிற சத்தம் மட்டும் காதில் விழும். ஒன்றும் கேட்கமாட்டாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். ஒருநாள்கூட அவர் தவறவில்லை. நான்காம் வருடம் ஒரு மழை மாதத்தில், நிஜ மழையில்தான், காய்ச்சல் கண்டு இறந்துபோனார். மகள் கொள்ளிப்பானை தவிர எல்லாவற்றையும் தானே செய்தாள் என்று சொன்னவர்கள் உண்டு. அதுவும் அவளே செய்தாள் என்றும் உண்டு. செக்கிங்காரி அழவில்லை. அவளுக்கு அவர் இன்னும் ஐம்பத்துமூன்று வயதில், கையில் ஈரச் சட்டையோடு, பொய் மழையில் நனைந்து வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தார்.

ஏழு வருடம் கழித்து அந்த மண்டியிடுகிற நாட்கள் வந்து சேர்ந்தன. மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொள்வாள் என்றுதான் எதிர்பார்த்தாள். அவள் மூடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, வெளிச்சம் பின்னாலிருந்து விழும்படி திருப்பிவைத்துக்கொண்டு, மேசையில் வந்த சட்டையைப் பார்க்கிற பார்வையில் பார்த்தாள். முதலில் காலரைப் பார்த்தாள், வெட்டு அப்படியே இருந்தது. பிறகு கை, வாய், இடது புருவம். இரண்டு நாள் இதே வரிசையில் பார்த்தாள். மூன்றாம் நாள் கீழே குனிந்து தரையைக் கவனித்தாள்.

"முட்டிக்குக் கீழ தலைகாணி வச்சிருக்காரு" என்றாள்.

"அப்பாவுக்கு முட்டி வலிம்மா."

"தெரியும். எனக்கு அப்ப கண்ணு வலி."

புருவம் எப்படி இருந்தது என்று மட்டும் மகள் கேட்டாள். அசையவில்லை என்றாள் அம்மா. அந்த நான்கு வருடத்து நண்பகல்களையும் அவள் ஒன்று விடாமல் பார்த்தாள். ஆயிரத்துச் சொச்சம். புருவம் ஒருநாளும் அசையவில்லை, தலையணை ஒருநாளும் இல்லாமல் இல்லை. கடைசி நாள், காய்ச்சலில் உடம்பு நடுங்க, அவர் தலையணையைத் தேடி எடுத்துவந்து போட்டு, அதன்மேல் மண்டியிடுவதையும் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு, "கத்திரிக்கோல் எடுக்கட்டாம்மா?" என்று கேட்ட மகளை வேண்டாமென்று கையமர்த்தினாள். பெட்டியிலிருந்த சுருளில் ஸ்டிக்கர் இன்னும் மிச்சம் இருந்தது. ஒன்றைப் பிரித்தெடுத்து, தரையைத் தடவிக்கொண்டே போய், முட்டி பட்ட இடத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

அம்பு ஒட்டினால் சரிசெய்யக்கூடிய குறை என்று பொருள். பிரித்துத் தைக்க வேண்டிய ஆள் போய் பதினோரு வருடம் ஆகியிருந்தது. வீடு துடைக்க வருகிற பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவாள்.